ஈரம் காட்டும் கருவி பேசாமல் நின்றுவிட்டதா?

முதலில் மண்ணைத் தொட்டுப் பாருங்கள். பிறகு பெட்டியைத் திறக்கலாம்

மண்ணின் ஈரத்தை அளந்து, தண்ணீர் எப்போது விட வேண்டும் என்று சொல்லும் கருவிகள் இப்போது சிறு விவசாயிகளின் தோட்டங்களுக்கும் வந்துவிட்டன. மண்ணுக்குள் ஒரு சென்சார், அதன் அருகில் ஒரு கம்பம், கம்பத்தில் ஒரு சிறு பெட்டி, பெட்டிக்கு மேல் ஒரு சோலார் தகடு. இவ்வளவுதான் கருவி. வீட்டில் இருந்தபடியே செல்போனில் ஈரத்தின் அளவைப் பார்த்துக்கொள்ளலாம். தண்ணீரும் மிச்சம்; நடையும் மிச்சம்.

ஆனால், வெயிலிலும் மழையிலும் நிற்கும் இந்தக் கருவி ஏதாவது ஒருநாள் பேசாமல் நின்றுவிடும். நிற்பதில் பெரிய ஆபத்து இல்லை. நின்றது தெரியாமல் இருப்பதுதான் ஆபத்து. நின்ற கருவியை மீண்டும் பேச வைப்பது பல சமயங்களில் விவசாயியின் கையிலேயே இருக்கிறது. எதை முதலில் பார்ப்பது, எதைப் பிறகு பார்ப்பது என்ற வரிசை தெரிந்தால் போதும்.

பழைய எண்ணை நம்பினால் நஷ்டம்

உதாரணமாக, கோபி பக்கம் இரண்டு ஏக்கரில் திசு வாழை வைத்திருக்கும் ஒரு விவசாயியை எடுத்துக்கொள்வோம். நட்டு ஏழாவது மாதம். குலை தள்ளத் தொடங்கியிருக்கிறது. செல்போனில் ஈரம் 26 சதவீதம் என்று காட்டுகிறது. போதுமான ஈரம் என்று அவர் மோட்டாரைப் போடவில்லை. மறுநாளும் 26. அதற்கு அடுத்த நாளும் 26. நான்காம் நாள் மத்தியானம் தோட்டத்துக்குள் போன அவர் மனைவி திரும்பி வந்து கேட்கிறார்:

"ஏனுங்க, எலையெல்லாம் மடிஞ்சு தொங்குது. தண்ணி உட்டு எத்தன நாளாச்சுங்க?"

"செல்லுல ஈரம் இருக்குதுன்னுதானே காட்டுது?"

"செல்லுல இருந்து என்னங்க பண்றது? மண்ணுல இல்லீங்களே!"

அந்த அம்மாள் சொன்னதுதான் உண்மை. செல்போனில் தெரிந்த 26, நான்கு நாளைக்கு முந்திய 26. கருவி அன்றே நின்றுவிட்டது. கடைசியாக வந்த எண்ணையே செல்போன் காட்டிக்கொண்டிருந்தது. நின்றுபோன கடிகாரமும் ஏதோ ஒரு மணியைக் காட்டத்தானே செய்கிறது!

குலை தள்ளும் பருவத்தில் வாழை தண்ணீருக்குத் தவித்தால் சீப்பும் குறையும், காயும் சிறுக்கும். பிறகு எவ்வளவு தண்ணீர் பாய்ச்சினாலும் இழந்தது திரும்பாது. ஆகவே, இந்தக் கருவி வைத்திருப்பவர்கள் ஒரு பழக்கத்தைக் கைக்கொள்ள வேண்டும். செல்போனில் எண்ணைப் பார்ப்பதற்கு முன், அந்த எண் எந்தத் தேதியில், எத்தனை மணிக்கு வந்தது என்று பார்க்க வேண்டும். வெயில் காலத்தில் தண்ணீர் விடாத தோட்டத்தில் ஈரம் நாளுக்கு நாள் குறைந்தே தீரும். இரண்டு நாளாக ஒரே எண் அசையாமல் நின்றால் சந்தேகப்பட வேண்டும்.

பயிருக்குத்தான் முதல் வைத்தியம்

கருவி நின்றது தெரிந்தவுடன் பெட்டியைத் திறக்க ஓட வேண்டாம். முதலில் மண்வெட்டியுடன் தோட்டத்துக்குள் போக வேண்டும். மேல்மண்ணை ஒதுக்கிவிட்டு, வேர் இருக்கும் ஆழத்தில், அதாவது அரை அடி முதல் ஒரு அடி ஆழத்தில், ஒரு பிடி மண் எடுத்து உள்ளங்கையில் அழுத்திப் பிடிக்கவும். உருண்டை பிடித்து, தட்டினாலும் உடையாமல், கையில் ஈரம் ஒட்டினால் இன்றைக்குக் கவலையில்லை. உருண்டை பிடித்தும் தட்டியவுடன் உதிர்ந்தால் தண்ணீர் விடும் வேளை வந்துவிட்டது. உருண்டையே பிடிக்காமல் பொலபொலவென்று கொட்டினால் தாமதமாகிவிட்டது என்று பொருள். மணற்பாங்கான மண் ஈரமிருந்தாலும் நன்றாக உருண்டை பிடிக்காது. அங்கே கையில் படும் ஈரத்தைக் கொண்டே முடிவு செய்ய வேண்டும். ஒரே இடத்தில் பார்க்காமல் நான்கைந்து இடங்களில் பார்ப்பது நலம்.

கருவி சரியாகும்வரை தண்ணீர்க் கணக்குக்கு நிலையான ஓர் அளவு வேண்டும். சொட்டுநீரில் வளரும் திசு வாழைக்குத் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் சிபாரிசு இது: நட்டது முதல் 4ஆம் மாதம் வரை மரம் ஒன்றுக்கு நாளொன்றுக்கு 15 லிட்டர், 5ஆம் மாதம் முதல் குலை தள்ளும் வரை 20 லிட்டர், குலை தள்ளியது முதல் அறுவடைக்கு 15 நாள் முன்பு வரை 25 லிட்டர். மரத்துக்கு இரண்டு டிரிப்பர், ஒவ்வொன்றும் மணிக்கு 4 லிட்டர் சொட்டுவது என்றால், 25 லிட்டருக்கு மூன்று மணி நேரத்துக்குச் சற்றுக் கூடுதலாக மோட்டார் ஓட வேண்டும். மழை பெய்தால் அதற்கேற்பக் குறைத்துக்கொள்ளலாம்.

கோயமுத்தூரில் உள்ள கரும்பு இனப்பெருக்கு நிறுவனம் உருவாக்கிய கையடக்க ஈரங்காட்டியும் இந்த வேளையில் உதவும். மண்ணில் குத்திப் பொத்தானை அழுத்தினால் விளக்கு எரியும். நீலம், நிறைந்த ஈரம். பச்சை, போதுமான ஈரம். ஆரஞ்சு, தண்ணீர் விடலாம். சிவப்பு, உடனே விட வேண்டும். இதற்கு சிம் கார்டும் வேண்டாம், சிக்னலும் வேண்டாம்.

கருவி பேசும் விதம்

பயிருக்கு வழி செய்த பிறகு கருவிக்கு வரலாம். மண்ணில் உள்ள சென்சார் ஈரத்தை அளக்கிறது. வயர் வழியாக அது கம்பத்துப் பெட்டிக்குப் போகிறது. பெட்டி அதை ரேடியோ அலையாக அனுப்புகிறது. மோட்டார் கொட்டகையிலோ வீட்டு மாடியிலோ இருக்கும் 'கேட்வே' என்ற தாய்ப் பெட்டி அதை வாங்கி, சிம் கார்டு மூலம் இன்டர்நெட்டுக்குத் தள்ளுகிறது. அங்கிருந்து செல்போனுக்கு வருகிறது. சில கருவிகளில் தாய்ப் பெட்டி இருக்காது. கம்பத்துப் பெட்டிக்குள்ளேயே சிம் கார்டு இருக்கும். எப்படியானாலும் இது ஒரு சங்கிலி. ஒரு கண்ணி விட்டுப்போனாலும் செல்போனுக்குச் செய்தி வராது. எந்தக் கண்ணி விட்டது என்று கண்டுபிடிப்பதே வேலை.

இன்னொன்றும் தெரிந்திருக்க வேண்டும். பேட்டரியை மிச்சம் பிடிப்பதற்காக இந்தப் பெட்டிகள் பெரும்பாலான நேரம் தூங்கிக்கொண்டே இருக்கும். கால் மணிக்கோ, அரை மணிக்கோ, ஒரு மணிக்கோ ஒருமுறை விழித்து, அளந்து, அனுப்பிவிட்டு மறுபடி தூங்கிவிடும். இடையில் எத்தனை முறை கேட்டாலும் பதில் வராது. ஆகவே, தொடர்ந்து மூன்று நான்கு முறை செய்தி தவறினால் மட்டுமே பழுது என்று கொள்ள வேண்டும்.

ஒன்று நின்றதா, எல்லாம் நின்றதா?

முதல் கேள்வி இதுதான். தோட்டத்தில் இரண்டு கருவி இருந்து இரண்டும் ஒரே சமயத்தில் நின்றால் பழுது தோட்டத்தில் இல்லை. தாய்ப் பெட்டியில் இருக்கிறது. ஒன்று மட்டும் நின்றால் தாய்ப் பெட்டியைத் தொடவே வேண்டாம். நின்ற கருவியைப் பார்த்தால் போதும். நான்கைந்து விவசாயிகள் சேர்ந்து ஒரே தாய்ப் பெட்டியைப் பயன்படுத்தும் இடங்களில், பக்கத்துத் தோட்டத்துக்காரரிடம் "உங்களுக்கு வருதுங்களா?" என்று ஒரு வார்த்தை கேட்டால் பாதி வேலை முடிந்துவிடும்.

இரண்டாவது கேள்வி, எப்போது நின்றது என்பது. செல்போனில் பழைய செய்திகளின் நேரத்தைப் பார்த்தால் காரணம் ஓரளவு தெரிந்துவிடும். பின்னிரவில் நின்று, வெயில் ஏறிய பின் தானே பேசத் தொடங்கினால் பேட்டரி சார்ஜைத் தாங்கவில்லை. மின்சாரம் போகும்போதெல்லாம் நின்றால் தாய்ப் பெட்டிக்கு மாற்று பேட்டரி இல்லை, அல்லது இருந்தும் செத்துவிட்டது. சரியாக ரீசார்ஜ் முடிந்த தேதியில் நின்றால் சிம் கார்டுதான் காரணம். மழை பெய்த இரவில் நின்றால் பெட்டிக்குள் தண்ணீர். பயிர் வளர வளரச் செய்தி விட்டு விட்டு வந்து, பிறகு நின்றால் ஆன்டெனா பயிருக்குள் மூழ்கிவிட்டது. களை எடுத்த நாளில் நின்றால் காரணத்தைச் சொல்லவே வேண்டியதில்லை.

தாய்ப் பெட்டியில் பார்க்க வேண்டியவை

விளக்கு எரிகிறதா என்று பார்க்கவும். எரியாவிட்டால் பிளக், ஸ்விட்ச், ஃப்யூஸ், அடாப்டர் என்று வரிசையாகப் பார்க்கவும். மின்னழுத்தம் ஏறி இறங்கும் இடங்களில் முதலில் போவது அடாப்டர்தான். அதே வோல்ட் உள்ள வேறொரு அடாப்டரை மாட்டிப் பார்த்தால் தெரிந்துவிடும். ஸ்டார்ட்டர் பெட்டிக்குள் இருந்து இணைப்பு எடுத்திருந்தால் மெயினை நிறுத்தாமல் கை வைக்கக் கூடாது. அதில் இருப்பது 415 வோல்ட் மும்முனை மின்சாரம். எலக்ட்ரீஷியனை அழைப்பதே உத்தமம்.

விளக்கு எரிந்தும் செய்தி போகவில்லை என்றால் சிம் கார்டைக் கவனிக்கவும். செல்போனுக்கு ரீசார்ஜ் செய்ய மறப்பதில்லை. கருவியில் உள்ள சிம் கார்டு கண்ணில் படாததால் மறந்துவிடுகிறது. பெட்டியை நிறுத்திவிட்டு சிம் கார்டை எடுத்து, சாதாரண செல்போனில் போட்டு, அதே இடத்தில் நின்று இன்டர்நெட் வருகிறதா என்று பார்க்கவும். கருவிகளுக்கென்றே தரப்படும் 13 இலக்க எண் கொண்ட சிம் கார்டாக இருந்தால் செல்போனில் போட்டுப் பயனில்லை. கருவி கொடுத்தவரிடம்தான் கேட்க வேண்டும். சிக்னல் நன்றாக இருக்கிறது என்று வேறு கம்பெனி சிம் கார்டை மாற்றும் முன் இன்னொன்றைக் கவனிக்க வேண்டும். விலை குறைந்த கருவிகள் சில 2ஜியில் மட்டுமே பேசும். 2ஜி சேவையே இல்லாத கம்பெனியின் சிம் கார்டை அவற்றில் போட்டால் செல்போனில் எத்தனை கோடு சிக்னல் காட்டினாலும் கருவி பேசாது.

பேட்டரியும் சோலார் தகடும்

தோட்டத்துக் கருவி ஒன்று மட்டும் நின்றிருந்தால் முதலில் சந்தேகப்பட வேண்டியது பேட்டரியை. மோட்டார் ரிப்பேர் செய்பவரிடம் இருக்கும் மல்டிமீட்டரே போதும். லித்தியம் செல் என்றால் முழுச் சார்ஜில் 4.2 வோல்ட் காட்டும், 3.3 வோல்ட்டுக்குக் கீழே இருந்தால் கருவி ஓடாது. 12 வோல்ட் ஈய பேட்டரி என்றால் முழுச் சார்ஜில் 12.6 வோல்ட்டுக்கு மேல் இருக்கும், 11.8க்குக் கீழே போனால் காலி என்று வைத்துக்கொள்ளலாம்.

அளந்தால் சரியாக இருக்கிறது, ஆனாலும் கருவி நிற்கிறது என்பதும் உண்டு. 2ஜி சிம் கார்டு உள்ள பெட்டி செய்தி அனுப்பும் அந்தக் கணத்தில் சுமார் 2 ஆம்பியர் வரை இழுக்கும். வயதான பேட்டரி சும்மா இருக்கும்போது நல்ல வோல்ட் காட்டி, சுமை ஏறியவுடன் விழுந்துவிடும். இரண்டு மூன்று வருடம் உழைத்த பேட்டரியானால் மாற்றிவிடுவதே மிச்சம். மாற்றும்போது கூட்டல், கழித்தல் முனைகளை மாற்றிப் போட்டுவிடக் கூடாது. உப்பிய லித்தியம் செல்லை மறுபடி சார்ஜ் செய்யவோ, குத்தவோ, நெருப்பில் போடவோ கூடாது.

பேட்டரி நல்லதாக இருந்தால் சோலார் தகட்டைப் பார்க்கவும். தூசி, பறவை எச்சம், சிலந்தி வலை ஆகியவற்றை ஈரத் துணியால் துடைக்கவும். நடும்போது திறந்த வெளியில் நின்ற தகடு, ஐந்து மாதத்தில் வாழை இலைக்கு அடியில் போயிருக்கும். தகட்டின் ஒரு மூலையில் மட்டும் நிழல் விழுந்தாலும் மின்சாரம் வெகுவாகக் குறைந்துவிடும். நம் பகுதியில் தகடு தெற்குப் பார்த்துச் சற்றுச் சாய்வாக இருப்பது நல்லது. ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் வெயிலே இல்லாமல் நான்கைந்து நாள் போனால் நல்ல கருவியும் நிற்கலாம். இரண்டு நாள் வெயில் அடிக்கட்டும் என்று காத்திருந்து பார்க்க வேண்டும்.

ஆன்டெனா பயிருக்கு மேலே நிற்கட்டும்

இந்தக் கருவிகளில் பல 'லோரா' என்னும் முறையில் பேசுகின்றன. இந்தியாவில் இதற்கு 865 முதல் 868 மெகாஹெர்ட்ஸ் வரையுள்ள அலைவரிசையை உரிமம் இல்லாமலே பயன்படுத்தலாம். திறந்த வெளியில் ஒன்றிரண்டு கிலோமீட்டர் தாராளமாகப் போகும். ஆனால் பச்சை இலையில் இருப்பது தண்ணீர். தண்ணீர் ரேடியோ அலையை விழுங்கிவிடும். கன்று நட்டபோது நன்றாகப் பேசிய கருவி, வாழையும் கரும்பும் தலைக்கு மேல் வளர்ந்த பிறகு ஊமையாவது இதனால்தான். கம்பத்தை உயர்த்தி, ஆன்டெனாவைப் பயிருக்கு மேலே கொண்டுவர வேண்டும். கம்பம் உயர்ந்தால் நிழலில் இருந்து சோலார் தகடும் தப்பும்.

ஆன்டெனா இரு பக்கமும் நிமிர்ந்து நிற்க வேண்டும். தாய்ப் பெட்டியின் ஆன்டெனாவைத் தகரக் கூரைக்கு அடியில் வைத்தால் அலை வெளியே போகாது. கூரைக்கு மேலே எடுத்துக் கட்ட வேண்டும். ஆன்டெனாவின் மரை லேசாகத் தளர்ந்திருந்தாலும் தூரம் குறையும். கையால் இறுக்கினால் போதும். ஆன்டெனாவைக் கழற்றிவிட்டுக் கருவியை ஓட விடக் கூடாது. உள்ளே அனுப்பும் பகுதி கெட்டுவிடும். உடைந்துபோய்ப் புதிது வாங்கினால் அதே அலைவரிசைக்கு உரியதாக வாங்க வேண்டும். பார்வைக்கு எல்லாம் ஒன்றுபோலவே இருக்கும், வேலை செய்யாது.

தண்ணீரும் எறும்பும் எலியும்

மழை இல்லாத நேரத்தில், கருவியை நிறுத்திவிட்டுப் பெட்டியைத் திறக்கவும். உள்ளே நீர்த்துளி, பச்சை நிறத்தில் களிம்பு, எறும்புக் கூடு இருக்கிறதா என்று பார்க்கவும். எறும்பைத் துலக்க மருந்து தெளிக்க வேண்டாம். காய்ந்த பிரஷ் போதும். ஈரம் இருந்தால் நிழலில் ஒருநாள் முழுக்க உலர விடவும். வயர் நுழையும் துளை எப்போதும் பெட்டியின் அடிப்பக்கம் இருக்க வேண்டும். வயர் சற்றுத் தொங்கி வளைந்து மேலேறினால் மழைத் தண்ணீர் வளைவிலேயே சொட்டிவிடும், உள்ளே போகாது. துளையை அடைக்கப் புளித்த வாடை அடிக்கும் சிலிகான் பசையைப் பயன்படுத்தக் கூடாது. அதில் இருந்து வரும் அமிலம் செம்பை அரித்துவிடும்.

கருவி பேசுகிறது, ஆனால் எண் பூஜ்யமாகவோ, எப்போதும் உச்ச அளவாகவோ இருக்கிறது என்றால் சென்சாரிலும் வயரிலும் பழுது. வயரை நெடுகத் தடவிப் பார்க்கவும். எலி கடித்ததும் மண்வெட்டி பட்டதும் கண்ணுக்குத் தெரியும். தண்ணீர் பாய்ச்சிய பிறகும் மண் காய்ந்திருப்பதாகவே காட்டினால், சென்சாரைச் சுற்றி வெற்றிடம் விழுந்திருக்கலாம். கரிசல் மண் வெடிக்கும்போது இப்படி நேரும். அருகில் வேறிடத்தில் மண்ணைக் குழைத்து, சென்சார் மண்ணோடு ஒட்டும்படி மறுபடி பதிக்க வேண்டும். உரத்தைச் சொட்டுநீரில் கரைத்து விட்ட உடனே மலிவான சென்சார்கள் ஈரத்தைக் கூட்டிக் காட்டுவதும் உண்டு. உரத்தின் உப்பே காரணம், அது பழுதல்ல.

நிறுத்திப் போடும் முறை

எல்லாம் சரியாக இருந்தும் பேசவில்லை என்றால் நிறுத்திப் போட்டுப் பார்க்கலாம். முதலில் தாய்ப் பெட்டியை நிறுத்தி, அரை நிமிடம் கழித்துப் போடவும். அது சிக்னலைப் பிடித்து நிலைக்க ஐந்து பத்து நிமிடம் விடவும். பிறகு தோட்டத்துக் கருவியை அதே போல நிறுத்திப் போடவும். குறைந்தது ஒரு மணி நேரம் பொறுத்திருந்து, அதன் பின்னரே முடிவுக்கு வரவும். 'ரீசெட்' பொத்தானை நீண்ட நேரம் அழுத்திப் பிடிக்க வேண்டாம். பல கருவிகளில் அது எல்லா அமைப்பையும் அழித்துவிடும். பிறகு ஆள் வந்துதான் சரிசெய்ய வேண்டும்.

முக்கியமாக, ஒரு நேரத்தில் ஒன்றை மட்டுமே மாற்ற வேண்டும். பேட்டரி, சிம், ஆன்டெனா மூன்றையும் ஒன்றாக மாற்றினால் கருவி பேசினாலும் எது கெட்டிருந்தது என்று தெரியாது. மூன்றுக்கும் பணம் போய்விடும்.

இதற்கும் பேசாவிட்டால் கருவி கொடுத்தவருக்குத் தகவல் சொல்ல வேண்டியதுதான். "கருவி ஓடலீங்க" என்று மட்டும் சொன்னால் அவர் வந்து பார்த்துவிட்டு, சாமான் எடுத்து வர மறுபடி போவார். கடைசிச் செய்தி வந்த தேதி, நேரம், பேட்டரி வோல்ட், விளக்கு எரியும் விதம், செய்து பார்த்தவை ஆகியவற்றைச் சொன்னால் தேவையான சாமானோடு ஒரே முறையில் வந்து முடித்துவிடுவார்.

மாதம் ஒருநாள் போதும்

மாதம் ஒருநாள் தகட்டைத் துடைத்து, மரையை இறுக்கி, வயரைப் பார்த்து, பேட்டரியை அளந்து ஒரு நோட்டில் குறித்து வைத்தால் இந்தத் தொல்லைகளில் பெரும்பாலானவை வராது. ரீசார்ஜ் முடியும் தேதியை வீட்டுக் காலண்டரில் வட்டமிட்டு வைக்கலாம். மழைக்காலத்துக்கு முன் பெட்டியின் மூடியை ஒருமுறை சரிபார்க்கலாம். வாரம் ஒருமுறை கையில் மண் எடுத்துப் பிடித்துப் பார்த்து, செல்போன் சொல்வதோடு ஒத்துப்போகிறதா என்று கவனிப்பது அவசியம்.

கருவி இருக்கிறது என்று தோட்டத்துக்குப் போகாமல் இருந்துவிடக் கூடாது. மேலே சொன்ன வாழைத் தோட்டத்தில் கருவி நின்றதை முதலில் கண்டது செல்போன் அல்ல. இலையைப் பார்த்த கண். அந்தக் கண் தினமும் தோட்டத்தில் இருந்தால், கருவி எப்போது நின்றாலும் குலை நிற்காது.